ஒப்புகை அட்டை வராத பதிவு

பதிவுத் தபால் அனுப்பிப் பழகியவர்களுக்கு ஒப்புகை அட்டையைத் தெரியும். கடிதத்தோடு சேர்ந்து போகும் அந்த அட்டை, பெற்றவரின் கையெழுத்தோடு அனுப்பியவரிடம் திரும்பி வரும். பத்து நாளாகியும் அட்டை வரவில்லை என்றால் என்ன பொருள்? கடிதம் தொலைந்திருக்கலாம். கடிதம் போய்ச் சேர்ந்து, அட்டை மட்டும் தொலைந்திருக்கலாம். கடிதம் அந்த ஊர்த் தபால் நிலையத்தில் மூட்டைக்குள் கிடந்து, நாளை மறுநாள் பட்டுவாடா ஆகலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. அட்டை வரவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

பல கணினிகளில் பரவியிருக்கும் ஒரு தரவுத்தளம், பளு கூடிய நேரத்தில் 'ரைட் டைம்அவுட்' என்று பிழைச் செய்தி தரும்போது சொல்வதும் இதையேதான். எழுதக் கொடுத்த தரவு எழுதப்பட்டது என்ற ஒப்புகை, குறித்த நேரத்துக்குள் தேவையான அளவு வந்து சேரவில்லை. செய்தி அவ்வளவுதான். ஆனால் அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் 'எழுத முடியவில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள். அடுத்தடுத்து எடுக்கும் தவறான நடவடிக்கைகள் பலவும் இந்த ஒரு தவறான வாசிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அப்பாச்சி கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பயனர்கள் தங்கள் செய்திப்பெட்டிக்குள் தேடுவதற்காக ஃபேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கியது இது. 2008இல் இதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. 2010இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. லக்ஷ்மண் அதற்கு முன்பே, அமேசானின் டைனமோ பற்றி 2007இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். தரவைப் பல கணினிகளுக்குப் பங்கிடும் முறை டைனமோவிலிருந்து வந்தது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் அதைச் சேமிக்கும் முறை கூகுளின் பிக்டேபிளிலிருந்து வந்தது. பெயர் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது. கசாண்ட்ரா உண்மையையே முன்கூட்டிச் சொல்வாள், ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்தத் தரவுத்தளத்தின் பிழைச் செய்திகளுக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

கசாண்ட்ராவில் பங்கேற்கும் ஒவ்வொரு கணினிக்கும் நோடு என்று பெயர். ஒரே தரவு வழக்கமாக மூன்று நோடுகளில் இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டில் தரவு கிடைக்கும். இந்த மூன்றையும் அந்தத் தரவின் பிரதிகள் என்போம். பயனரின் செயலி ஏதாவது ஒரு நோடிடம் பதிவைக் கொடுக்கும். அப்படி வாங்கிக்கொண்ட நோடு அந்தப் பதிவுக்கு ஒருங்கிணைப்பாளர். இது நிரந்தரப் பதவி இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் யார் வாங்கினாரோ அவரே ஒருங்கிணைப்பாளர். அவர் மூன்று பிரதிகளுக்கும் ஒரே நேரத்தில் பதிவை அனுப்புவார். பிறகு ஒப்புகைக்காகக் காத்திருப்பார்.

எத்தனை ஒப்புகை வந்தால் போதும் என்பதைச் செயலி முன்பே சொல்லிவிடும். ஒன்று போதும் என்று சொல்லலாம். மூன்றில் இரண்டு, அதாவது பெரும்பான்மை வேண்டும் என்று சொல்லலாம். இதற்கு கோரம் என்று பெயர். அதிகம் புழங்குவதும் இதுதான். மூன்றும் வேண்டும் என்றும் சொல்லலாம். கேட்ட எண்ணிக்கை வந்துவிட்டால் ஒருங்கிணைப்பாளர் செயலியிடம் 'ஆயிற்று' என்பார். இயல்பு அமைப்பில் அவர் காத்திருக்கும் நேரம் 2,000 மில்லிவினாடி, அதாவது 2 வினாடி. அதற்குள் வராவிட்டால் டைம்அவுட்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஒப்புகை போதும் என்று சொன்னாலும் பதிவு மூன்று பிரதிகளுக்கும்தான் போகிறது. குறைவது காத்திருப்பு மட்டுமே. வேலை குறைவதில்லை. எனவே பளு தாங்காமல் டைம்அவுட் வரும்போது கோரத்தை விட்டுவிட்டு ஒன்றுக்கு இறங்கினால் பிழைச் செய்திகள் குறையலாம். நோடுகளின் பளு அப்படியே இருக்கும். காய்ச்சல் மானியைக் கீழே வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் போல இன்னொரு பிழை உண்டு: 'அன்அவைலபிள்'. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேவையான அளவு பிரதிகள் இயங்கவில்லை என்று ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், அவர் பதிவை அனுப்பவே மாட்டார். உடனே 'அன்அவைலபிள்' என்று திருப்பிவிடுவார். அது தபால் அலுவலகமே மூடியிருப்பது போல. கடிதம் உங்கள் கையிலேயே இருக்கிறது. டைம்அவுட் அப்படி அல்ல. கடிதம் கைவிட்டுப் போய்விட்டது.

போன கடிதம் என்ன ஆகிறது? கசாண்ட்ரா டைம்அவுட் ஆன பதிவை அழிப்பதில்லை. இரண்டு ஒப்புகை கேட்டு ஒன்றுதான் வந்தது என்றால், அந்த ஒரு பிரதியில் தரவு எழுதப்பட்டுவிட்டது. அது அங்கேயே இருக்கும். பதில் தராத பிரதிகளுக்காக ஒருங்கிணைப்பாளர் தன்னிடம் ஒரு குறிப்பு எழுதி வைப்பார். இதற்கு ஹின்ட் என்று பெயர். அந்த நோடு தெளிந்ததும் குறிப்பில் உள்ளதை அதற்கு அனுப்பிவிடுவார். ஒரு நோடு தொடர்ந்து இயங்காமல் கிடந்தால் இயல்பாக 3 மணி நேரம் வரை இப்படிக் குறிப்பு சேரும். ஆக, 'தோற்றுவிட்டது' என்று செயலி நினைத்த பதிவு, சில வினாடி கழித்து மூன்று இடத்திலும் போய் உட்கார்ந்திருக்கலாம்.

அப்படியானால் மறுபடி அனுப்பலாமா? அனுப்பும் சரக்கைப் பொறுத்தது. 'இந்த வாடிக்கையாளரின் தொலைபேசி எண் இது' என்ற பதிவை இருமுறை எழுதினாலும் விளைவு ஒன்றுதான். தயங்காமல் அனுப்பலாம். 'இந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டு' என்ற பதிவு அப்படி இல்லை. முதல் முறையே ஏறியிருந்தால் இப்போது இரண்டு கூடிவிடும். கசாண்ட்ராவின் கவுன்டர் வகைப் பதிவுகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. 'இந்தப் பெயர் இதுவரை இல்லாவிட்டால் மட்டும் எழுது' என்பது போன்ற நிபந்தனைப் பதிவுகள் இன்னும் சிக்கலானவை. முதல் முயற்சி உள்ளே வெற்றி பெற்றிருந்தால், இரண்டாவது முயற்சிக்கு 'பெயர் ஏற்கெனவே இருக்கிறதே' என்ற பதில் வரும். எழுதியவரே தன் எழுத்தைப் பார்த்து, வேறு யாரோ எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார். பிழைச் செய்திக்குள்ளேயே பதிவு எந்த வகை, எத்தனை ஒப்புகை தேவைப்பட்டது, எத்தனை வந்தது என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கும். பலரும் செய்தியின் தலைப்பைப் பார்த்துவிட்டு இந்த மூன்றையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது நோடுக்குள் போய்ப் பார்ப்போம். ஒரு பிரதி பதிவைப் பெற்றதும் இரண்டு காரியம் செய்கிறது. முதலில், கமிட் லாக் என்ற கோப்பின் கடைசியில் அதைச் சேர்க்கிறது. மின்சாரம் போனால் மீட்பதற்கான நாட்குறிப்பு அது. அடுத்து, நினைவகத்தில் உள்ள மெம்டேபிள் என்ற அடுக்கில் வைக்கிறது. இரண்டும் முடிந்ததும் ஒப்புகை கிளம்பிவிடும். மெம்டேபிள் நிரம்பும்போது அது மொத்தமாக வட்டில் எழுதப்படும். அப்படி உருவாகும் கோப்புக்கு எஸ்எஸ்டேபிள் என்று பெயர். எஸ்எஸ்டேபிள்கள் பெருகும்போது பின்னணியில் அவை ஒன்றோடொன்று சேர்த்துத் திரட்டப்படும். இந்தத் திரட்டல் வேலை காம்பாக்‌ஷன்.

கவனியுங்கள். ஒப்புகைக்கு முன் நடப்பது ஒரு கோப்பின் கடைசியில் எழுதுவதும் நினைவகத்தில் வைப்பதும் மட்டுமே. வட்டில் தேடி அலைவது ஒன்றும் இல்லை. இயல்பு அமைப்பில் கமிட் லாக்கை வட்டில் உறுதிப்படுத்துவதுகூட 10 வினாடிக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒப்புகை அதற்காகக் காத்திருப்பதில்லை. நல்ல நிலையில் இந்த வேலை ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் முடியக்கூடியது. அப்படிப்பட்ட வேலைக்கு 2,000 மில்லிவினாடி போதவில்லை என்றால், நேரம் வேலையில் போகவில்லை. வரிசையில் நிற்பதில் போயிருக்கிறது. எந்த வரிசையில் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பவரின் முழு வேலை.

வரிசை எப்படி உருவாகிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். நோடில் பதிவுகளை எழுத இயல்பாக 32 இழைகள் உண்டு. இழை என்பது ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் கவுன்டர் ஊழியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பதிவுக்கு 1 மில்லிவினாடி ஆனால், 32 பேர் சேர்ந்து வினாடிக்கு 32,000 பதிவுகளை முடிப்பார்கள். ஏதோ காரணத்தால் ஒரு பதிவுக்கு 20 மில்லிவினாடி ஆகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வினாடிக்கு 1,600தான் முடியும். வருவதோ வினாடிக்கு 2,000. ஒவ்வொரு வினாடியும் 400 பதிவுகள் மிஞ்சி வரிசையில் சேர்கின்றன. வரிசை 3,200ஐத் தொடும்போது கடைசியில் நிற்பவரின் காத்திருப்பு சரியாக 2 வினாடி. அந்த 3,200 சேர எவ்வளவு நேரம்? 8 வினாடி. நலமாக இருந்த நோடு, வேகம் குறைந்த எட்டாவது வினாடியில் டைம்அவுட் எல்லையைத் தொட்டுவிடுகிறது. திரையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தேநீரைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. டைம்அவுட் வந்ததும் பெரும்பாலோரின் முதல் யோசனை, 2 வினாடியை 10 வினாடி ஆக்குவது. அதே வேகத்தில் 10 வினாடிக் காத்திருப்புக்கு வரிசை 16,000 ஆக வேண்டும். வினாடிக்கு 400 வீதம் அதற்கு 40 வினாடி. ஆக, அந்த மாற்றம் வாங்கித் தந்தது 32 வினாடி அவகாசம். பளுவின் அலை அந்த 32 வினாடிக்குள் ஓய்ந்துவிடும் வகையானால் அது பயன்தான். ஓயாத பளு என்றால், அதே பிழைகள் வரும். ஒவ்வொன்றும் 10 வினாடி தாமதித்து வரும். அதுவரை 16,000 பதிவுகள் நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மறுமுயற்சி என்ன செய்கிறது என்பதையும் இதே எண்களில் பார்க்கலாம். மிஞ்சிய 400 பதிவுகளையும் செயலி உடனே மறுபடி அனுப்பினால், அடுத்த வினாடி வருவது 2,400. முடிவது 1,600. மிஞ்சுவது 800. அவையும் திரும்பி வந்தால் 2,800, மிஞ்சுவது 1,200. உண்மையான வாடிக்கையாளர்கள் ஒருவர்கூட அதிகமாகவில்லை. பளு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மறுமுயற்சிகளுக்கு இடையே இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவதும், எல்லோரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி இடைவெளியில் சிறிது தற்செயலைக் கலப்பதும் இதற்காகத்தான். செயலி தான் காத்திருக்கும் நேரத்தை நோடின் 2 வினாடியைவிடச் சற்றே அதிகமாக வைத்துக்கொள்வதும் நல்லது. குறைவாக வைத்தால், நோடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே செயலி பொறுமை இழந்து அதே பதிவை இரண்டாவது முறை அனுப்பிவிடும்.

நோடு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. வரிசையில் 2 வினாடியைத் தாண்டி நின்ற பதிவை அது எழுதாமலே கீழே போட்டுவிடும். ஒருங்கிணைப்பாளர் எப்படியும் கைவிட்டிருப்பார், இனி எழுதி யாருக்குப் பதில் சொல்வது என்ற கணக்கு. இதற்கு டிராப்டு மியூடேஷன் என்று பெயர்; விடுபட்ட பதிவு என்போம். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும், வரிசை எல்லையின்றி நீளாமல் காப்பது இதுதான்.

இனி வேகம் ஏன் குறைகிறது என்பது. காரணங்கள் பல. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி காரணத்தைப் பற்றியது அல்ல: எல்லா நோடுகளும் திணறுகின்றனவா, ஒன்றிரண்டா? கசாண்ட்ராவோடு வரும் நோடுடூல் என்ற கருவியில் டிபிஸ்டாட்ஸ் என்ற கட்டளையை ஒவ்வொரு நோடிலும் ஓட்டினால் ஓர் அட்டவணை விழும். இடப்பக்கம் வேலைப் பிரிவுகளின் பெயர், வலப்பக்கம் எண்கள். மியூடேஷன் ஸ்டேஜ் என்ற வரியில் இப்போது எழுதிக்கொண்டிருப்பவை எத்தனை, காத்திருப்பவை எத்தனை என்று இருக்கும். எழுதுபவை 32இலேயே நின்று, காத்திருப்பவை நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு முறையும் ஏறினால், வரிசை அங்கேதான். அட்டவணையின் கீழ்ப்பகுதியில் விடுபட்ட பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். நோடு கடைசியாகத் தொடங்கியதிலிருந்து சேர்ந்த எண் அது. போன மாதத்து விபத்தும் அதில் சேர்ந்திருக்கும். எனவே ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பழைய எண்ணைக் கண்டு அலறியவர்கள் ஏராளம்.

ஒன்றிரண்டு நோடுகள் மட்டும் திணறினால் இரண்டு சந்தேகங்கள் முன்னே வரும். ஒன்று, அந்த இயந்திரத்தில் பழுது. இன்னொன்று, தரவைப் பிரித்த விதத்தில் பழுது. இரண்டாவது அதிகம் பேசப்படாதது. அதனால் அதில் சற்று நிற்போம். எந்தத் தரவு எந்த நோடுக்குப் போக வேண்டும் என்பதைக் கசாண்ட்ரா ஒரு சாவியை வைத்து முடிவு செய்கிறது. பார்ட்டிஷன் கீ எனப்படும் அந்தச் சாவியை ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு, வரும் எண்ணுக்கு உரிய நோடில் வைக்கிறது. சாவி ஒன்றாக இருந்தால் நோடுகளும் ஒன்றுதான். ஒருவர் தன் அட்டவணைக்குத் தேதியைச் சாவியாக வைத்தார் என்று கொள்வோம். படிப்பதற்கு வசதியான அமைப்பு: இன்றைய தரவு எல்லாம் ஓரிடத்தில். ஆனால் இன்று எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் அதே மூன்று நோடுகளுக்குத்தான் போகும். மொத்தம் 30 நோடு இருந்தால் 27 அந்த அட்டவணைக்காக ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும். நள்ளிரவில் தேதி மாறியதும் வேறு மூன்று நோடுகள் திணறத் தொடங்கும். இயந்திரத்தைக் குறைசொல்லித் தேடுபவருக்கு இது பேய் போலத் தெரியும்: பழுது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கே இன்னும் பத்து நோடு வாங்கிச் சேர்ப்பதில் பயன் இல்லை. சாவியில் தேதியோடு இன்னொன்றையும், கருவி எண்ணையோ மணியையோ ஒரு சிறு வரிசை எண்ணையோ, சேர்த்தால்தான் பதிவுகள் பரவும்.

எல்லா நோடுகளும் ஒருசேரத் திணறினால், வட்டைப் பார்க்க வேண்டும். காம்பாக்‌ஷன் ஒப்புகைக்கு நேரடியாகக் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் அதே வட்டையும் அதே செயலியகத்தையும் அதுவும் பயன்படுத்துகிறது. மெம்டேபிளை வட்டில் இறக்கும் வேலை பின்தங்கினால் நினைவகத்தில் இடம் காலியாகாது. புதிய பதிவு இடத்துக்காக நிற்கும். கமிட் லாக்கை உறுதிப்படுத்தும் வேலை அளவுக்கு மீறிப் பின்தங்கினாலும் புதிய பதிவுகள் நிறுத்தி வைக்கப்படும். பின்னணி வேலை என்று ஒதுக்கியவை இப்படித்தான் முன்வாசலை அடைக்கின்றன.

வாடகைக் கணினிகளில் இதற்கு ஒரு விசித்திர வடிவம் உண்டு. அமேசானின் மேகச் சேவையில் ஜிபி2 என்ற வகை வட்டு, கொள்ளளவில் ஒரு ஜிகாபைட்டுக்கு வினாடிக்கு 3 செயல்பாடு என்ற கணக்கில் வேகம் தரும். 200 ஜிகாபைட் வட்டென்றால் 600. ஆனால் சேமிப்பில் வரவு இருக்கும்வரை 3,000 வரை ஓட விடும். சும்மா இருக்கும்போது வரவு ஏறும், ஓடும்போது கரையும். வரவின் உச்ச அளவு 54 லட்சம். அந்த அளவை வினாடிக்கு 3,000 என்று செலவழித்தால் அரை மணி நேரம். இடையில் கொஞ்சம் வரவும் ஏறுவதால் அதற்குச் சற்றே மேல். அதன் பிறகு வேகம் 3,000இலிருந்து 600க்கு விழும். இதில் சிக்கல் என்னவென்றால், கால் மணி நேரம் நடக்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது. சோதனை வெற்றி, உண்மையான கூட்டம் வந்து முக்கால் மணி நேரத்துக்குள் டைம்அவுட் மழை. செயலியில் ஒரு வரியும் மாறவில்லை, பயனர் எண்ணிக்கையும் மாறவில்லை, பிறகு ஏன் என்று தேடுபவர் வட்டின் வரவைப் பார்க்கும்வரை விடை கிடைக்காது.

அடுத்தது ஜாவா. கசாண்ட்ரா ஜாவாவில் எழுதப்பட்டது. பயன்படுத்தி முடித்த நினைவகத்தை ஜாவா அவ்வப்போது கூட்டிப் பெருக்கி எடுக்கும். கார்பேஜ் கலெக்‌ஷன் என்ற இந்த வேலையின் சில கட்டங்களில் நோடு முழுவதும் அசையாமல் நிற்கும். 200 மில்லிவினாடியைத் தாண்டும் நிறுத்தங்களை நோடு தன் பதிவேட்டில் இயல்பாகவே எழுதி வைக்கும். நிறுத்தம் 2 வினாடியைத் தொட்டால் டைம்அவுட் வரலாம் என்பது தெளிவு. தெளிவில்லாதது வேறொன்று: நின்றது பிரதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருங்கிணைப்பாளரே நின்றிருக்கலாம். பிரதிகள் மூன்றும் சில மில்லிவினாடிகளில் ஒப்புகை அனுப்பியிருக்கும்; அவை வாசலில் கிடக்கும்; எடுக்க ஆள் அசையவில்லை. கண் விழித்ததும் அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் கடந்துவிட்டது என்று அறிவித்துவிடலாம். இதனால்தான் இரண்டு அளவுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். ஒருங்கிணைப்பாளரின் பார்வையில் பதிவுக்கு ஆன நேரத்தை ப்ராக்ஸிஹிஸ்டோகிராம்ஸ் என்ற கட்டளை காட்டும். பிரதிக்குள்ளே அந்த அட்டவணைக்கு ஆன நேரத்தை டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ் காட்டும். உள்ளே ஒரு மில்லிவினாடி, வெளியே ஒன்றரை வினாடி என்றால் தாமதம் எழுதுவதில் இல்லை. வலைப்பின்னலிலோ, வரிசையிலோ, ஒருங்கிணைப்பாளரிடமோ இருக்கிறது. சராசரியை நம்ப வேண்டாம். நூற்றில் தொண்ணூற்றொன்பதாவது பதிவுக்கு எவ்வளவு ஆயிற்று என்பதே இங்கு பேசும் எண்.

பேட்ச் எனப்படும் மொத்தப் பதிவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பழைய வகைத் தரவுத்தளங்களில் நூறு வரிகளைச் சேர்த்து ஒரே மூச்சில் எழுதினால் வேகம் கூடும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருபவர்கள் வெவ்வேறு சாவிகள் கொண்ட நூறு வரிகளை ஒரு பேட்சாகக் கட்டி ஒரே ஒருங்கிணைப்பாளர் தலையில் ஏற்றுகிறார்கள். அவர் அதை முதலில் வேறு நோடுகளில் காப்புக்காக எழுதி, பிறகு பிரித்துப் பல திசைக்கு அனுப்பி, எல்லாத் திசையிலிருந்தும் ஒப்புகைக்காகக் காத்திருக்க வேண்டும். இயல்பு அமைப்பில் 5 கிலோபைட்டைத் தாண்டினாலே எச்சரிக்கை வரும். 50ஐத் தாண்டினால் மறுத்துவிடும். அந்த 50ஐ உயர்த்திக்கொண்டு அடுத்த வாரம் டைம்அவுட் பற்றிக் கேட்பவர்களும் உண்டு.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் கருத்தைச் சொல்வதென்றால் அடக்கமாகவே சொல்ல முடியும். 2 வினாடி என்பது புனித எண் அல்ல. தூரத்து ஊர்களுக்கிடையே பரவிய தரவுத்தளத்தில் அதை மாற்ற நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் வரிசை எங்கே என்று தெரியும் முன் அதைத் தொடாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். செயலிப் பக்கம் ஒரே நேரத்தில் பறக்கும் பதிவுகளுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது, எனக்குத் தெரிந்தவரை, கேட்கச் சாதாரணமாகவும் பலனில் அதிகமாகவும் இருக்கும் மாற்றம். கூட்டத்தை வாசலிலேயே கொஞ்சம் நிறுத்தினால் உள்ளே உள்ளவர்களுக்காவது வேலை நடக்கும்.

பளு தணிந்து பிழைச் செய்திகள் நின்ற மறுநாள் செய்ய வேண்டிய ஒரு வேலை மீதி இருக்கிறது. எல்லோரும் தூங்கப் போய்விடுவதால் அது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அந்த நோடுகளில் விடுபட்ட பதிவுகளின் எண்ணிக்கை ஏறியிருந்தால், சில பிரதிகளில் சில தரவுகள் இல்லை என்று பொருள். பலவற்றை ஹின்ட் நிரப்பியிருக்கும். ஆனால் ஹின்ட் முழு உத்தரவாதம் அல்ல. அதை வைத்திருந்த ஒருங்கிணைப்பாளரே பழுதாகியிருக்கலாம். பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேர் என்ற வேலையை நோடுடூல் மூலம் ஓட்ட வேண்டும். அதற்கு இயல்பான கெடு 10 நாள். கெடுவுக்குக் காரணம் இது: கசாண்ட்ராவில் அழிப்பதும் ஒரு பதிவுதான். 'இது அழிக்கப்பட்டது' என்ற ஒரு குறியை எழுதுவதே அழித்தல். அந்தக் குறி 10 நாளுக்குப் பிறகு துப்புரவு செய்யப்பட்டுவிடலாம். கூட்ட நெரிசலில் விடுபட்டது அப்படி ஓர் அழிப்புக் குறியாக இருந்து, இரண்டு பிரதிகளில் குறி வந்து போய்விட்டது, மூன்றாவதில் குறி வரவே இல்லை என்றால், மூன்றாவதில் பழைய தரவு உயிரோடு இருக்கும். பதினைந்தாம் நாள் நடக்கும் ஒப்பீட்டில் மற்ற இரண்டும் அதை 'நம்மிடம் இல்லாத தரவு' என்று எண்ணி நகலெடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் நீக்கிவிட்ட முகவரி மூன்று பிரதிகளிலும் மறுபடி வந்துவிடும்.